சக்கர நாற்காலி டென்னிஸுக்கு வருகிறவர்களுக்கு: நான் ஏழு மாதம் இழந்த கதை

2022 மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. முந்தைய நாள்தான் பெங்களூருவில் ஒரு போட்டி முடிந்து ரயிலில் கோயம்புத்தூர் வந்து சேர்ந்திருந்தேன். இரண்டு சுற்றுகள் வென்றிருந்தேன், அதுவரை என் ஆட்டத்தில் அதுதான் பெரிய சாதனை. துவைக்கத் துணியை எடுத்துப் போன அம்மா, என் டிராக் பேண்டை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி திரும்பி வந்தார். "இது என்னப்பா கறை?" என்று கேட்டார். பின்பக்கம், இடது பக்கமாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் காய்ந்த ரத்தம். எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அது எப்போது கசிந்தது, எவ்வளவு நேரம் கசிந்தது என்று எனக்கே தெரியாது. அது படுக்கைப் புண், ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் பட்டுத் தோலும் சதையும் கெட்டு வருவது. அந்தக் கறையிலிருந்து மறுபடி டென்னிஸ் கோர்ட்டுக்குள் போவதற்கு எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. இந்த விளையாட்டுக்கு வர நினைக்கிற ஒருவராவது இதைப் படித்துவிட்டு அந்த ஏழு மாதங்களைத் தவிர்த்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எலக்ட்ரீஷியனாக இருந்தேன். 2015இல், இருபத்து மூன்று வயதில், கட்டிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தேன். தண்டுவடத்தில் டி12 என்ற இடத்தில் அடி. வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மறுவாழ்வு மையத்தில் சில மாதங்கள் இருந்தேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர்க் குழாயை நானே போட்டுக்கொள்வது, தினமும் கண்ணாடி வைத்துப் பின்பக்கத் தோலைப் பார்ப்பது என எல்லாம் அங்கேதான் கற்றேன். ஊர் திரும்பியதும் வீட்டு முன்னறையில் மோட்டார் வைண்டிங் வேலையைத் தொடங்கினேன். பம்புசெட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர், ஆகவே மாதம் பதினெட்டாயிரம் வரை வந்தது. கண்ணாடி பார்க்கும் வழக்கம் மட்டும் இரண்டு வருடத்தில் மெல்லக் கழன்றுவிட்டது. ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம்தான் காரணம். அதை நான் யார் மீதும் போட முடியாது.

டென்னிஸ் 2018இல் வந்தது. மறுவாழ்வு மையத்தில் பழக்கமான நண்பர் ஒருவர் தன் விளையாட்டு நாற்காலியில் என்னை ஏற்றி, கையில் ஒரு ராக்கெட்டைக் கொடுத்தார். இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தவர் பிராட் பார்க்ஸ் என்ற அமெரிக்கர். பனிச்சறுக்கில் அடிபட்டு நடை இழந்தவர், 1976இல் நாற்காலியிலிருந்தபடி டென்னிஸ் ஆட ஆரம்பித்தார். கோர்ட், வலை, பந்து எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளவைதான். நமக்குப் பந்து இரண்டு முறை தரையில் குத்தலாம் என்பது ஒன்றே பெரிய வேறுபாடு. இரண்டாவது குத்து கோட்டுக்கு வெளியே போனாலும் செல்லும். ஆனால் நாற்காலி நம் உடம்பின் ஒரு பகுதி என்பதுதான் விதி. பந்து சக்கரத்தில் பட்டால் உடம்பில் பட்டதாகவே கணக்கு. பந்தை அடிக்கும் நொடியில் பின்பக்கம் இருக்கையை விட்டு எழும்பிவிட்டால் புள்ளி போய்விடும். இந்த விதிகளை மனப்பாடமாகச் சொல்வேன். நாற்காலி உடம்பு என்றால், அது உடம்புக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்பது மட்டும் உறைக்கவில்லை.

மூன்று வருடம் இரவல் நாற்காலியில் ஆடினேன். நாற்காலிக்குச் சொந்தக்காரர் ஆடும்போது நான் காத்திருக்க வேண்டும். இடையில் கொரோனா காலம் முழுக்க ஒன்றுமே இல்லை. 2021 கடைசியில் சொந்தமாக ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். சீட்டு எடுத்தேன், அக்கா தன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார். வெளிநாட்டு நாற்காலி இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், வரவழைக்கும் செலவு முப்பத்தெட்டாயிரம். அளவுப் படிவத்தை முகவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் வீட்டு நாற்காலியில், ஜீன்ஸ் போட்டபடி உட்கார்ந்து, தையல்காரரிடம் வாங்கி வந்த டேப்பால் அக்காவை அளக்கச் சொன்னேன். பதினாறு அங்குலம் வந்தது. வசதிக்கு ஓர் அங்குலம் கூட்டிப் போடுங்கள் என்றார் முகவர். பதினேழு என்று எழுதிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்த அன்று வீட்டில் விளக்கேற்றினோம். உட்கார்ந்து பார்த்ததும் இரண்டு பக்கமும் உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

தினசரி நாற்காலிக்கு அந்த இடைவெளி குற்றமில்லை. சட்டையும் போர்வையும் சிக்காமல் இருக்க வேண்டும், ஏறி இறங்க வேண்டும். விளையாட்டு நாற்காலி அப்படியில்லை. அதன் சக்கரங்கள் இருபது பாகை வரை சாய்ந்து நிற்கும், நொடியில் திரும்பும். இடுப்பு இருக்கையோடு ஒட்டியிருந்தால்தான் நாற்காலி திரும்பும்போது நீங்களும் திரும்புவீர்கள். இடைவெளி இருந்தால் நாற்காலி முதலில் திரும்பும், உங்கள் எலும்பு பிறகு திரும்பும், நடுவில் மாட்டிக்கொண்டு அரைபடுவது தோல். ஓர் ஆட்டத்தில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியாது, உட்கார்ந்திருக்கிற நமக்கும் தெரியாது.

அதோடு நான் இரண்டு தவறுகளைச் சேர்த்துக்கொண்டேன். இருக்கை உயரமாக இருந்தால் நாற்காலி தள்ளாடும் என்று சொல்லக் கேட்டு, தடித்த குஷனை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்பாஞ்சைப் போட்டேன். பக்கத்து இடைவெளியை அடைக்க இரண்டு கைத்துண்டுகளை மடித்துச் செருகினேன். பெங்களூருவில் இரண்டாவது நாள் ஆட்டம் மூன்று செட் போனது, இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். முடிந்து இறங்கும்போது இடது பக்கத் துண்டைக் காணவில்லை. தேடினால் எனக்கு அடியில் இருந்தது. நான்காக மடித்த துண்டின் தடித்த மூலை, உட்காரும் எலும்புக்கு நேர் கீழே, வியர்வையில் நனைந்து கல்லைப் போல இறுகிக் கிடந்தது. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிராளிக்குக் கைகொடுக்கப் போனேன். அந்தக் காட்சி இன்றும் என் கண்முன்னால் நிற்கிறது. அன்று இரவு விடுதியில் படுத்து ஒரே ஒரு முறை பார்த்திருந்தால், இரண்டு மூன்று நாள் உட்காராமல் இருந்து சரிசெய்திருக்கலாம். நான் மறுநாளும் ஆடினேன். பிறகு ரயிலில் ஏழு மணி நேரம் உட்கார்ந்தே வந்தேன்.

உண்மையில் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே ஒரு முறை செல்போனில் படம் எடுத்துப் பார்த்திருந்தேன். சிவப்பாக ஏதும் இல்லை என்று விட்டுவிட்டேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு என்றுதான் பல துண்டறிக்கைகளிலும் போட்டிருக்கிறது. அது வெளிறிய தோலுக்கு எழுதியது. என்னைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட இன்னும் கறுத்தோ ஊதா சாயலிலோ இருக்கும், சில சமயம் நிறமே மாறாது. கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். மற்றப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாகவோ சொதசொதவென்றோ இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு பிடிபடும். நான் எடுத்த அந்தப் படத்தைப் பிறகு மருத்துவரிடம் காட்டியபோது, இதோ இங்கே நிழல் மாதிரி இருக்கிறதே என்று விரல் வைத்தார். அதன் பிறகு எனக்கும் தெரிந்தது.

முதலில் போன மருத்துவமனையில் களிம்பு தடவி, பவுடர் போட்டு, மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்றார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் கண்டிப்பாகச் சொல்லவில்லை. நானும் வைண்டிங் வேலைகள் தேங்கிக் கிடக்கின்றன என்று தினமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்தேன். ஏப்ரலில் குளிர்க் காய்ச்சல் வந்தது. வேறு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் பார்த்தார். மேலே நாணயம் அளவு தெரிந்த புண்ணுக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குழி இருந்தது. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் சதை உள்ளிருந்துதான் முதலில் சாகிறது, தோலில் தெரிவது கடைசியில் என்று அவர் விளக்கினார். மே மாதம் பக்கத்துச் சதையைத் திருப்பிக் குழியை மூடும் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் உட்காரவே கூடாது. ஆறாவது வாரம் தையலின் ஓரம் பிரிந்தது, இன்னும் ஐந்து வாரம் கூடியது. மருத்துவச் செலவு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். ஏழு மாத வருமானம் போனது தனி. அக்காவின் சங்கிலி மூழ்கிப் போகாமல் இருக்க வட்டி கட்டியது அத்தான்.

பணத்தைவிட என்னை அறுத்தது வெட்கம். முப்பது வயது மகனின் பின்பக்கப் புண்ணுக்குத் தினமும் இரண்டு வேளை அம்மா மருந்து வைத்துக் கட்டினார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசாமல் கிடப்பேன். யாராவது பார்க்க வந்தால் முதுகு வலி என்று சொல்லச் சொல்வேன். சக ஆட்டக்காரர்களிடமும் தோள்பட்டை வலி என்றே சொன்னேன். நான்கு மாதம் கழித்து, பெங்களூரு நண்பர் ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இரண்டு முறை வந்திருக்கிறது, தம்பி. நானும் தோள்பட்டை என்றுதான் சொன்னேன்" என்றார். அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று வருடம் ஒரே கோர்ட்டில் ஆடியிருக்கிறோம், சர்வ் பற்றிப் பேசியிருக்கிறோம், ராக்கெட் நரம்பு எவ்வளவு இறுக்கம் என்று பேசியிருக்கிறோம், இதைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

கவிழ்ந்து படுத்திருந்த அந்த ஜூலையில்தான் விம்பிள்டன் நடந்தது. செல்போனைக் கட்டிலுக்குக் கீழே ஸ்டூலில் சாய்த்து வைத்து, கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டபடி ஷிங்கோ குனியேடா ஆடிய இறுதி ஆட்டத்தைப் பார்த்தேன். விம்பிள்டனில் நமக்கு ஒற்றையர் பிரிவு தொடங்கியதே 2016இல்தான். மற்ற எல்லாவற்றையும் வென்ற குனியேடாவுக்கு மீதியிருந்த ஒரே பட்டம் அது. பிரிட்டனின் ஆல்ஃபி ஹியூவெட்டிடம் முதல் செட்டை இழந்து, பிறகு 4-6, 7-5, 7-6 என்று வென்றார். ஒன்பது வயதில் தண்டுவடக் கட்டியால் நடை இழந்த ஜப்பானியர் அவர். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பட்டங்களின் எண்ணிக்கை இல்லை. 2016இல் அவருக்கு முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது, ரியோ பாராலிம்பிக்கில் ஒற்றையரில் பதக்கம் இல்லை, ஆட்டத்தையே நிறுத்தி ஓய்வெடுத்தார். 2018இல் ஆஸ்திரேலிய ஓபனை வென்று திரும்பினார். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரே உடம்புக்காக மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றால், நான் மூன்று நாள் ஓய்வெடுக்காமல் பெங்களூருவில் எதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் மறுபடி உட்காரத் தொடங்கினேன். முதல் நாள் பதினைந்து நிமிடம், இறங்கித் தோலைப் பார்த்து, மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரு மணி நேரத்தைத் தொட மூன்று வாரம் ஆனது. அந்தப் பதினேழு அங்குல நாற்காலியைக் குறுக்க முடியுமா என்று விசாரித்தேன். ஒரே துண்டாகப் பற்றவைத்த அலுமினியச் சட்டம், முடியாது என்றார்கள். என்னைவிடப் பருமனான ஒருவருக்குத் தொண்ணூறாயிரத்துக்கு விற்றேன். இந்தியாவிலேயே செய்த ஒன்றை அறுபத்தெட்டாயிரத்துக்கு வாங்கினேன். எடை கொஞ்சம் கூடுதல். ஆனால் செய்கிறவர் முன்னால் நேரில் உட்கார்ந்து அளவு கொடுத்தேன், அரைகுறையாக இருக்கும்போதே ஏறிப் பார்த்தேன். இன்றும் அதில்தான் ஆடுகிறேன்.

அளவு கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பழைய நாற்காலியில் உட்கார்ந்து அளக்காதீர்கள், அதன் தொய்ந்த துணி பொய் சொல்லும். கெட்டியான பெஞ்சில், ஆடும்போது போடும் மெல்லிய உடையோடு உட்காருங்கள். இடுப்பின் இரு பக்கமும் இரண்டு அட்டைப் புத்தகங்களை நிமிர்த்தி ஒட்டவைத்து அவற்றுக்கு நடுவே அளந்தால் சரியான அகலம் கிடைக்கும். விளையாட்டு நாற்காலிக்கு அதில் கால் அங்குலம்கூடக் கூட்ட வேண்டாம். எனக்கு அப்படி வந்தது பதினைந்து. முட்டி உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்திருக்கும்படி இருக்கையைச் சாய்ப்பார்கள், வயிற்றுத் தசை இல்லாதவர்களுக்கு அது பிடிமானம் தரும். ஆனால் சாய்வு கூடக் கூட எடையெல்லாம் உட்காரும் எலும்பிலும் வால் எலும்பிலும் இறங்கும். ஆகவே உங்களுக்கு அடி எங்கே, எந்தத் தசை வேலை செய்கிறது என்று சொல்லி, உங்கள் பிசியோதெரபிஸ்ட்டை அழைத்துப் போய் அதை முடிவு செய்யுங்கள். முடிந்தால் வாங்குவதற்கு முன் மூன்று நான்கு பேருடைய நாற்காலியில் ஏறி ஆடிப் பாருங்கள், நம் ஆட்டக்காரர்கள் இல்லை என்று சொல்லமாட்டார்கள். குஷனை ஒருபோதும் தியாகம் செய்யாதீர்கள். அதன் மேல் உட்கார்ந்து, உட்காரும் எலும்புக்கு நேர் கீழே, குஷனுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது பஞ்சு மீதி இருக்க வேண்டும்.

ஆட்டத்தில் பக்கம் மாறும்போது தொண்ணூறு விநாடி கிடைக்கிறது. முன்பெல்லாம் அதில் தண்ணீர் குடித்து முகம் துடைப்பேன். இப்போது இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, முன்னால் நன்றாகக் குனிந்து கிடப்பேன், தண்ணீரும் அப்படியே. கையை ஊன்றிச் சட்டென எழும்பி உட்கார்ந்தால் ரத்தம் திரும்ப ஓடுவதற்குள் மறுபடி அழுத்திவிடுகிறோம், தோளுக்கும் அது கூடுதல் சுமை. குனிந்து கிடப்பதில் நேரம் கிடைக்கிறது. மடித்த துணி எதுவும் நாற்காலிக்குள் வருவதில்லை.

2023இல் மலேசியாவில் ஃபியூச்சர்ஸ் எனப்படும் தொடக்க நிலைச் சர்வதேசப் போட்டி ஒன்றுக்குப் போனேன், என் முதல் வெளிநாட்டுப் பயணம். நாற்காலியோடு வருவதை விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விமானப் போக்குவரத்து விதி. தெரிவித்திருந்தேன். கோலாலம்பூரில் நாற்காலி உறை பிரியாமல் வந்ததால் நம்பி வெளியே வந்துவிட்டேன். விடுதியில் பிரித்தால் முன்சக்கரத்தின் கவை வளைந்திருந்தது. சாமான் எடுக்கும் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். பழுதான சாமானுக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தரலாம் என்று சர்வதேச உடன்படிக்கை சொல்வதை இன்னோர் ஆட்டக்காரர் காட்டினார், அன்றிரவே படங்களோடு அனுப்பினேன். பழுதுக்கு ஆன இருபத்தேழாயிரத்தில் பதினெட்டாயிரம் மூன்று மாதம் கழித்து வந்தது. உறையை அங்கேயே பிரியுங்கள், நான்கு பக்கமும் படம் எடுங்கள், ஏற்றும் முன்னும் எடுத்து வையுங்கள். அந்த ஆட்டத்தை யாரோ இரவல் கொடுத்த முன்சக்கரத்தோடு ஆடி, முதல் சுற்றிலேயே தோற்றேன். இன்னொரு சின்ன விஷயம்: இந்தச் சக்கரங்களில் பெரும்பாலும் மெல்லிய வால்வு இருக்கும், நம் ஊர்ச் சைக்கிள் கடைப் பம்பு அதில் பொருந்தாது. வால்வின் மேல் திருகிப் பம்பைப் பொருத்திக்கொள்ள, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை மறை கிடைக்கிறது, சில்லறைக் காசுதான். இரண்டு வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் பக்கம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இருக்கிறான், பதினான்கு வயது. முதல் நாளே ராக்கெட் எங்கே என்று கேட்டான். கொடுத்தேன், அரை மணி நேரம் ஆசை தீர அடித்தான். பிறகு அவனையும் அவன் அம்மாவையும் கொட்டகைக்குள் உட்காரவைத்து, இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன், என் வடுவின் படத்தையும் காட்டினேன். பையன் கூச்சத்தில் தரையைப் பார்த்தான். அவன் அம்மா செல்போனை நீட்டி, எந்தக் கோணத்தில் எடுத்தால் தெரியும் என்று கேட்டார்.

நான் வெளியூர் போனால் என் அம்மா இரவு ஒன்பது மணிக்கு அழைக்கிறார். ஜெயித்தாயா என்று கேட்பதற்கு முன்னால், "பார்த்துவிட்டாயாப்பா?" என்று கேட்கிறார். பார்த்துவிட்டேன் அம்மா என்று சொன்ன பிறகுதான் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோம்.